குளுக்கோஸிலிருந்து ஏடிபி வரை: செல் சுவாசத்தைக் கணக்கு நோட்டுப் போட்டுப் படிக்கும் முறை

கோபிச்செட்டிபாளையம் பக்கம் மாலை வேளையில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். உணவை உடைத்துச் செல் ஆற்றல் எடுப்பதைச் சொல்லும் செல் சுவாசப் பாடத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். குளுக்கோஸை உடைக்கும் முதல் கட்டமான கிளைக்காலிசிஸின் பத்து நொதிகளையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். "சரி, இத்தனை என்ஏடிஎச் வந்ததே, அது எதற்கு?" என்று கேட்டால் சுவரைப் பார்ப்பார்கள்.

அதனால் பாடநூல் வரிசையைக் கொஞ்சம் கலைத்திருக்கிறேன். கடைசிப் படியை முன்னால் இழுத்து வைத்திருக்கிறேன். இந்த வரிசையிலேயே போங்கள். நடுவில் தாவினால் மறுபடியும் மனப்பாடத்தில்தான் போய் முடியும்.

முன்னதாக வேண்டியவை

ஒரு லாங் சைஸ் நோட்டு, பென்சில், 6 புளியங்கொட்டை. கொட்டை ஒவ்வொன்றும் ஒரு கார்பன் அணு. சிரிக்க வேண்டாம், கடைசி வரை தேவைப்படும்.

செல்லில் சைட்டோபிளாசம் எது, மைட்டோகாண்ட்ரியா எது என்று தெரிந்திருக்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. உட்சவ்வு மடிப்பு மடிப்பாக இருக்கும். அதற்கும் உள்ளே இருக்கும் கூழ் மேட்ரிக்ஸ். எலக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம், பெறுவது ஒடுக்கம். இவ்வளவு போதும். இரண்டு மாலைப்பொழுது ஒதுக்குங்கள்.

1. முதலில் சூட்டைத் தொட்டுப் பாருங்கள்

விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, சாக்கில் கட்டி மூடி வைப்பார்களே, மறுநாள் அந்த மூட்டைக்குள் கையை விட்டிருக்கிறீர்களா? வெதுவெதுவென்று இருக்கும். வெயிலும் இல்லை, நெருப்பும் இல்லை. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தப் பாடம் முழுவதும்.

நெல் விதைப்பு இல்லாத வீட்டில் பச்சைப்பயறு போதும். இரண்டு பிளாஸ்க் எடுங்கள். ஒன்றில் முளைகட்டிய பயறு பாதி அளவு, இன்னொன்றில் வேகவைத்து ஆறவைத்த பயறு அதே அளவு. இரண்டிலும் பயற்றுக்கு நடுவில் தெர்மாமீட்டர் முனை இருக்கும்படி வைத்து, வாயைப் பஞ்சால் அடையுங்கள். ஒரு நாள் கழித்து முளைப்பயறு பிளாஸ்க்கில் வெப்பநிலை ஏறியிருக்கும்.

இதில் இரண்டு தவறு நடக்கும். ஒன்று, பஞ்சுக்குப் பதில் மூடியை இறுக்கித் திருகிவிடுவது. உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து சுவாசம் சுருங்கிவிடும். மற்றது நானே செய்தது. வேகவைத்த பயற்றை அப்படியே போட்டு மூன்று நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால் அதுதான் அதிகச் சூடு! திறந்ததும் நாற்றம் காட்டிக்கொடுத்தது: அழுகல் கிருமிகள் அங்கே தின்று சுவாசித்துக்கொண்டிருந்தன. பிள்ளைகள் முன்னால் மானம் போனது. இரண்டு பயற்றையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் அலசிப் போடுங்கள். இரண்டாம் நாளே அளந்து முடித்துவிடுங்கள்.

2. கேன் எது, பால் எது என்று தெளிவாக்குங்கள்

நம் ஊரில் பால் எப்படிப் போகிறது? வீட்டில் கறந்து, கேனில் ஊற்றி, சொசைட்டியில் கொடுத்துவிட்டுக் காலிக் கேனோடு திரும்பி வருகிறோம். சொசைட்டியிலிருந்து டேங்கர் லாரி எடுத்துப்போகிறது. பட்டுவாடா பிற்பாடு.

செல்லுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. உணவிலிருந்து கறக்கப்படும் எலக்ட்ரான்தான் பால். என்ஏடி பிளஸ் என்பது காலிக் கேன். அது இரண்டு எலக்ட்ரானையும் ஒரு ஹைட்ரஜன் அயனியையும் ஏற்றிக்கொண்டால் என்ஏடிஎச், அதாவது நிரம்பிய கேன். எஃப்ஏடி என்று இன்னொரு வகைக் கேன் உண்டு, நிரம்பினால் எஃப்ஏடிஎச்2. ஆனால் அதில் வரும் பாலில் ஃபேட் கம்மி, காசும் கம்மி. ஏன் என்று 8ஆம் படியில் வரும்.

ஏடிபிதான் பட்டுவாடா. தசை சுருங்கவும், நரம்பு வேலை செய்யவும், முளை மண்ணைக் கீறி எழவும் செல் செலவழிப்பது அதைத்தான். ஏடிபியைச் சேர்த்துப் பூட்டி வைக்க முடியாது. செலவாகும்போது அது உடைந்துவிடும், மறுபடி மறுபடி ஏடிபியாகக் கட்டப்பட வேண்டும்.

புதிதாகப் படிப்பவர்கள் என்ஏடிஎச்சையே ஆற்றல் என்று எழுதிவிடுகிறார்கள். அது இன்னும் சொசைட்டிக்குப் போகாத பால். அதை வைத்து மளிகைக் கடையில் சாமான் வாங்க முடியாது.

3. கடைசிப் படியை இப்போதே பார்த்துவிடுங்கள்

சொசைட்டி இருப்பது மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில். நிரம்பிய கேன்கள் அங்கே காலியாகின்றன. எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிப் போய், கடைசியில் ஆக்சிஜனிடம் சேர்கின்றன. ஆக்சிஜன் அவற்றையும் ஹைட்ரஜன் அயனிகளையும் சேர்த்துக்கொண்டு தண்ணீராகிறது. டேங்கர் லாரி ஆக்சிஜன்தான்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார்: "ஏனுங் சார், நாம இழுக்கிற ஆக்சிஜன்தானுங்களே கார்பன் டை ஆக்சைடா வெளிய வருது?" இல்லை கண்ணு. நாம் இழுக்கும் ஆக்சிஜன் தண்ணீராகப் போகிறது. வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடில் உள்ள கார்பன் சாப்பாட்டிலிருந்து வந்தது. அதிலுள்ள ஆக்சிஜனும் குளுக்கோஸிலிருந்தும் வினையில் சேரும் தண்ணீரிலிருந்தும் வந்ததுதான். இந்த ஒன்று புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

4. நோட்டில் நான்கு பத்தி இழுங்கள்

இடம், கார்பன், கேன், ஏடிபி. ஒவ்வொரு படி முடிந்ததும் நான்கையும் நிரப்ப வேண்டும். நொதிகளின் பெயரை இப்போது எழுதாதீர்கள். வரவு செலவு சரியாக வந்தபிறகு பெயரைச் சேர்த்துக்கொள்வது எளிது. முதலிலேயே சேர்த்தால் கணக்கு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

5. கிளைக்காலிசிஸ்: ஆறை மூன்றும் மூன்றுமாகப் பிரிப்பது

மதியம் சாப்பிட்ட அரிசிம்பருப்புச் சாதத்தின் மாவுச்சத்து செரித்து, குளுக்கோஸாகி, செல்லுக்குள் வந்துவிட்டது. 6 புளியங்கொட்டையையும் வரிசையாக வையுங்கள். இடம்: சைட்டோபிளாசம்.

முதல் வேலை, குளுக்கோஸ் மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றுவது. 1 ஏடிபி செலவு. கையிலிருப்பதை ஏன் முதலிலேயே செலவழிக்க வேண்டும்? அந்தியூர்ச் சந்தையில் மாடு வாங்கினால் முதலில் கயிற்றைக் கையில் பிடிக்கிறோம் அல்லவா? பாஸ்பேட் ஏறிய குளுக்கோஸ் செல் சவ்வைத் தாண்டி ஓட முடியாது. அப்புறம் இன்னொரு பாஸ்பேட், இன்னொரு ஏடிபி. இந்த இரண்டாவது பாஸ்பேட்டை ஏற்றும் பாஸ்போஃபிரக்டோகைனேஸ் என்ற நொதிதான் வாய்க்கால் மதகு. செல்லில் ஏடிபி நிறைய இருந்தால் அது இறங்கிக்கொள்ளும், குறைந்தால் திறக்கும்.

இரண்டு பக்கமும் பாஸ்பேட் ஏறியதும் ஆறு கார்பன் நடுவில் உடைகிறது. கொட்டைகளை மூன்று மூன்றாகப் பிரித்து வையுங்கள். இனிமேல் நடப்பதெல்லாம் இரண்டு முறை நடக்கும். இதை மறப்பதுதான் இந்தப் பாடத்தின் தலையாய பிழை. நோட்டில் சிவப்பு மையில் "இனி எல்லாம் இரட்டை" என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மூன்று கார்பனிலிருந்தும் 1 என்ஏடிஎச், 2 ஏடிபி. இரட்டித்தால் 2 என்ஏடிஎச், 4 ஏடிபி. போட்ட 2 ஏடிபியைக் கழித்தால் மிச்சம் 2. விதை போடாமல் வெள்ளாமை இல்லை. ஆனால் களத்தில் நெல்லை அளக்கும்போது விதைநெல்லைக் கழிக்காமல் சொன்னால் அது பொய்க்கணக்கு. கேள்வியில் "மொத்தம்" என்று இருந்தால் 4, "நிகரம்" என்று இருந்தால் 2.

கார்பன் பத்தியில்: இரண்டு பைருவேட், தலா 3. ஒரு கொட்டைகூடக் குறையவில்லை. கிளைக்காலிசிஸில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறாது, ஆக்சிஜனும் வேண்டியதில்லை.

6. வாசற்படி: பைருவேட் உள்ளே போவது

பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவின் மேட்ரிக்ஸுக்குள் போகிறது. அங்கே ஒவ்வொன்றும் ஒரு கார்பனை இழக்கிறது, ஒரு கேன் நிரம்புகிறது, மீதி இரண்டு கார்பன் கோஎன்சைம் ஏ என்ற கைப்பிடியில் மாட்டிக்கொண்டு அசிட்டைல் கோஎன்சைம் ஏ ஆகிறது. இரட்டித்தால் 2 கார்பன் டை ஆக்சைடு, 2 என்ஏடிஎச். ஏடிபி இல்லை. இரண்டு கொட்டையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போடுங்கள்.

சின்னப் படி என்று இதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். ஆனால் இங்கே வேலை செய்யும் நொதித் தொகுதிக்கு வைட்டமின் பி1, அதாவது தயமின், கட்டாயம் வேண்டும். தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியை மட்டுமே தின்றவர்களுக்கு பெரிபெரி வந்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது. நம் வீட்டுப் புழுங்கலரிசியில், நெல்லை உமியோடு அவிக்கும்போதே தவிட்டிலுள்ள பி1இல் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

7. கிரப்ஸ் சுழற்சி: கறவை நடக்கும் இடம்

இரண்டு கார்பன் அசிட்டைல், அங்கே ஏற்கனவே காத்திருக்கும் நான்கு கார்பன் ஆக்சலோ அசிட்டேட்டோடு சேர்ந்து ஆறு கார்பன் சிட்ரேட் ஆகிறது. சுற்று முடிவதற்குள் 2 கார்பன் டை ஆக்சைடு போய்விடும், நான்கு கார்பன் மறுபடியும் பழைய நிலைக்கு வந்து அடுத்த அசிட்டைலுக்காக நிற்கும். திரும்பவும் அதே இடத்துக்கு வருவதால்தான் சுழற்சி. நேர்கோடாகப் படம் போட்டால் இது புரியாது, வட்டமாகவே போடுங்கள்.

ஒரு சுற்றுக்கு வரவு: 3 என்ஏடிஎச், 1 எஃப்ஏடிஎச்2, 1 ஏடிபி (சில செல்களில் இது ஏடிபி போன்ற ஜிடிபியாக (GTP) வரும், மதிப்பு ஒன்றுதான்). இரண்டு சுற்றுக்கு 6, 2, 2. மீதி நான்கு கொட்டையும் ஜன்னல் வழியே போயாயிற்று.

இப்போது நோட்டைப் பாருங்கள். குளுக்கோஸின் கார்பன் மொத்தமும் தீர்ந்துவிட்டது, கையில் வெறும் 4 ஏடிபி. "இவ்வளவுதானுங்களா?" என்று வகுப்பில் ஏமாற்றமாகக் கேட்பார்கள். கேன் பத்தியைக் கூட்டச் சொல்வேன்: 10 என்ஏடிஎச், 2 எஃப்ஏடிஎச்2. பால் அத்தனையும் அங்கே நிற்கிறது.

கெட்டிக்காரப் பெண் ஒருத்தி ஒருமுறை மடக்கினாள்: உள்ளே வந்த அதே இரண்டு கார்பன்தான் அந்தச் சுற்றிலேயே வெளியே போகிறதா? இல்லை. முதல் சுற்றில் வெளியேறுபவை ஆக்சலோ அசிட்டேட்டில் இருந்த கார்பன்கள். புதிதாக வந்தவை பின்னால் வரும் சுற்றுகளில்தான் போகும். எண்ணிக்கை மாறாது என்பதால் நம் கொட்டைக் கணக்கு பிழைத்தது. ஆனால் அம்மணி கேட்டது சரியான கேள்வி.

8. பம்பும் தொட்டியும்

இங்கே நிதானமாக இருங்கள். எலக்ட்ரான் நேரடியாக ஏடிபியைச் செய்வதில்லை. பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

தோட்டத்துக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் தண்ணீரை மேலே தொட்டிக்கு ஏற்றுகிறது. தொட்டியிலிருந்து குழாய் வழியே இறங்கும் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்ற வைக்கலாம். எலக்ட்ரான் கைமாறும்போது கிடைக்கும் ஆற்றல்தான் மோட்டாருக்கு மின்சாரம். தண்ணீர் என்பது ஹைட்ரஜன் அயனி, அதாவது புரோட்டான். மேட்ரிக்ஸ் கிணறு, இரண்டு சவ்வுக்கும் இடையிலுள்ள வெளி தொட்டி. சக்கரம் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி. அது உண்மையிலேயே சுற்றுகிறது, உவமைக்காகச் சொல்லவில்லை.

உட்சவ்வில் நான்கு தொகுதிகள் எலக்ட்ரானைக் கைமாற்றுகின்றன. அவற்றில் பம்பாக வேலை செய்பவை மூன்று. இரண்டு எலக்ட்ரான் கடந்துபோனால் தொகுதி 1 நான்கு புரோட்டானை ஏற்றும், தொகுதி 3 நான்கு, தொகுதி 4 இரண்டு. தொகுதி 2 பம்பே கிடையாது. என்ஏடிஎச் தன் பாலைத் தொகுதி 1இல் ஊற்றுகிறது. 4+4+2, ஆக 10 புரோட்டான். எஃப்ஏடிஎச்2 ஊற்றுவது தொகுதி 2இல். முதல் பம்பு அதற்குக் கிடைக்காது. ஆக 6 புரோட்டான். ஃபேட் கம்மி என்று சொன்னேனே, அது இதுதான்.

ஒரு ஏடிபி கட்டி வெளியே அனுப்பச் சுமார் 4 புரோட்டான் இறங்க வேண்டும். எனவே என்ஏடிஎச்சுக்கு 2.5 ஏடிபி, எஃப்ஏடிஎச்2வுக்கு 1.5.

தொட்டியில் ஓட்டை விழுந்தால்? தண்ணீர் சக்கரத்தைச் சுற்றாமல் இறங்கிவிடும், ஆற்றல் சூடாகப் போய்விடும். பிறந்த குழந்தையின் பழுப்புக் கொழுப்பில் உடம்பே இப்படி வேண்டுமென்று ஓட்டை விட்டுத்தான் குளிர் தாங்குகிறது.

லாரியில் ஏற்றும் வாசலையே அடைத்தால்? இளஞ்சோளப் பயிரில், அதுவும் வறட்சியில் வாடி நிற்கும் பயிரில், மாட்டை மேயவிடக் கூடாது என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பயிர் வயிற்றில் சயனைடை விடுவிக்கும். சயனைடு தொகுதி 4ஐப் பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், இரத்தம் பளிச்சென்ற சிவப்பாகவே இருக்கும், ஆனால் செல்லால் அதைத் தொட முடியாது. மாடு விழுந்துவிடும். மூச்சு விடுவதும் செல் சுவாசமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

9. கணக்கை முடியுங்கள்: 38ஆ, 32ஆ?

10 என்ஏடிஎச் × 2.5 = 25. 2 எஃப்ஏடிஎச்2 × 1.5 = 3. நேரடி வரவு 4. மொத்தம் 32.

கிளைக்காலிசிஸில் வந்த 2 என்ஏடிஎச் மட்டும் சைட்டோபிளாசத்தில் நிற்கின்றன. அவை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நேராக நுழைய முடியாது; பாலை வேறு கேனுக்கு மாற்றித்தான் அனுப்ப வேண்டும். சில திசுக்களில் அந்த மாற்றம் எஃப்ஏடிஎச்2 வழியாக நடக்கும். அப்போது 2 ஏடிபி குறைந்து 30.

பழைய கணக்கில் என்ஏடிஎச்சுக்கு 3, எஃப்ஏடிஎச்2வுக்கு 2 என்று முழு எண்ணாக வைத்தார்கள். அதில் 30+4+4=38; கேன் மாற்றும் இழப்பைக் கழித்தால் 36. தேர்வில் உங்கள் பாடநூல் எதை வைத்திருக்கிறதோ அதையே எழுதுங்கள், வீம்பு வேண்டாம். ஆனால் எண் ஏன் மாறுகிறது என்று தெரியாமல் எழுதாதீர்கள்.

இப்போது பிளாஸ்க்குக்குத் திரும்பலாம். ஒரு மோல் குளுக்கோஸை முழுக்க எரித்தால் 686 கிலோகலோரி. ஒரு மோல் ஏடிபியில் திட்ட நிலையில் 7.3 கிலோகலோரி. 32 × 7.3 = 233.6, அதாவது 34 சதவீதம். மீதியெல்லாம் சூடு. விதைநெல் மூட்டைக்குள் கையில் பட்டது அதுதான்.

10. லாரி வராத நாள்

ஆக்சிஜன் இல்லை. சொசைட்டி நிரம்பி நிற்கிறது. கேன்கள் காலியாகித் திரும்புவதில்லை. காலிக் கேன் இல்லாவிட்டால் கிளைக்காலிசிஸும் நின்றுவிடும். அந்த 2 ஏடிபியும் போச்சு. செல் என்ன செய்கிறது? பாலைக் கீழே கொட்டியாவது கேனைக் காலியாக்குகிறது.

கொட்டும் இடம் பைருவேட். நம் தசையில் அது எலக்ட்ரானை வாங்கி லாக்டிக் அமிலமாகிறது. ஈஸ்ட்டில் முதலில் ஒரு கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு, பிறகு எலக்ட்ரானை வாங்கி ஆல்கஹாலாகிறது. மரத்திலிருந்து இறக்கும் தெளுவு, அதாவது பதநீர், இப்படித்தான் கள்ளாகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் காரத்தன்மையில் ஈஸ்ட் முடங்கி, தெளுவு தெளுவாகவே இருக்கும்.

இங்கே வரும் பிழை: நொதித்தலால் 2 ஏடிபி கிடைக்கிறது என்பது. அந்த இரண்டும் கிளைக்காலிசிஸில் வந்தவை. நொதித்தல் படியில் ஏடிபி சுழியம். கேன் திரும்புவது ஒன்றுதான் லாபம்.

செய்து பார்க்க: ஒரு பாட்டிலில் பாதிவரை வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு ஸ்பூன் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, ஒரு ஸ்பூன் ஈஸ்ட், வாயில் பலூன். ஒரு மணி நேரத்துக்குள் பலூன் எழும்பத் தொடங்கும். எழும்பவில்லை என்றால் பெரும்பாலும் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருப்பீர்கள், ஈஸ்ட் செத்துப்போயிருக்கும். கையில் ஊற்றிப் பார்த்தால் சுடக் கூடாது.

11. சர்க்கரையை விட்டு எண்ணெய்க்குப் போங்கள்

முதல் பத்துப் படியும் கைவந்த பிறகு இது அரை மணி நேர வேலை. கொழுப்பு அமிலம் இரண்டிரண்டு கார்பனாக நறுக்கப்பட்டு அசிட்டைல் கோஎன்சைம் ஏ ஆகிறது, நேராக 7ஆம் படியில் சேர்கிறது. புரதம் அமினோ தொகுதியைக் கழற்றிவிட்டு, பைருவேட்டிலோ அசிட்டைலிலோ சுழற்சியின் நடுவிலோ எங்கே பொருந்துமோ அங்கே நுழையும்.

பால்மிட்டிக் அமிலத்துக்கு 16 கொட்டை வேண்டும். 8 ஜோடி, 7 வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் 1 என்ஏடிஎச், 1 எஃப்ஏடிஎச்2. ஏழுக்கும் சேர்த்து 28 ஏடிபி. ஒவ்வொரு அசிட்டைலும் ஒரு சுற்றில் 3 × 2.5, 1.5, 1 என்று 10 ஏடிபி தரும், எட்டுக்கு 80. தொடக்கச் செலவு 2. ஆக 106. இந்தக் கணக்கைப் பார்க்காமல் நீங்களே போட்டு 106 வந்தால் 7, 8, 9 மூன்று படியும் சரியாக ஏறியிருக்கிறது. 108 வந்தால் தொடக்கச் செலவைக் கழிக்கவில்லை. 110 வந்தால் 8 வெட்டு என்று எண்ணிச் செலவைக் கழித்திருக்கிறீர்கள். எட்டு ஜோடியைப் பிரிக்க ஏழு வெட்டுத்தான் வேண்டும்.

கடைசியாகச் சுவாச ஈவு. வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு மேலே, எடுத்த ஆக்சிஜன் கீழே. தலைகீழாகப் போட்டுத்தான் பாதிப்பேர் மதிப்பெண்ணை விடுகிறார்கள். குளுக்கோஸுக்கு 6/6, அதாவது 1. டிரைபால்மிட்டின் கொழுப்புக்கு 102/145, சுமார் 0.7. கொழுப்பில் ஏற்கனவே ஆக்சிஜன் கொஞ்சம்தான் இருக்கிறது, எலக்ட்ரான் நிறைய. லாரிகள் கூடுதலாக வர வேண்டியிருப்பதால் கீழே உள்ள எண் பெரிதாகிறது. முளைக்கும் கொட்டமுத்துக்கு ஈவு ஏன் ஒன்றுக்குக் கீழே வருகிறது என்று கேட்டால் இதையே எழுதுங்கள். ஆமணக்கு விதைக்குள் இருப்பது எண்ணெய் என்ற ஒரு வரியையும் சேர்த்து.